மொரீஷியஸின் பூர்வகுடிகள் யார்? தமிழர்கள் அங்கே கரும்புத் தோட்டக் கூலிகளாகத்தான் போனார்களா?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்: பூர்வகுடி என்று யாரும் கிடையாது. 1638இல் டச்சுக்காரர்கள் குடியேறும்வரை அது ஆளில்லாத தீவு. அவர்களும் நிலைக்கவில்லை. ஜாவாவிலிருந்து கரும்பைக் கொண்டுவந்து நட்டார்கள், கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றினார்கள், 1710இல் கிளம்பிவிட்டார்கள். டோடோ பறவை அதற்குள் அழிந்துபோயிருந்தது. இன்று அங்கே இருக்கும் பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் பேரின் முன்னோரும் கப்பலில் வந்து இறங்கியவர்கள்தான். யார் விரும்பி வந்தார்கள், யாரைப் பிடித்து வந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மூரில் இந்தக் கதையை எல்லோரும் கரும்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

தமிழர்கள் அங்கே கால் வைத்தது அதற்கு நூறு வருடம் முந்தி. 1715இல் தீவு பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1735இல் கவர்னராக வந்த லா பூர்தொனே, போர்ட் லூயிஸைத் துறைமுக நகரமாகக் கட்ட ஆரம்பித்தார். கை தேர்ந்த ஆட்கள் வேண்டும். புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர் வசம்தான் இருந்தது. அங்கிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கூலி பேசி வரவழைத்தார்கள். தங்கிவிட்டவர்களில் சிலர் வியாபாரிகளானார்கள், சொத்து சேர்த்தார்கள். போர்ட் லூயிஸில் 'மலபார் முகாம்' என்று அவர்களுக்குத் தனிப் பேட்டையே இருந்தது. அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்குத் தமிழர் என்றால் மலபார்.

நாம் சொல்லத் தயங்கும் பகுதி ஒன்று உண்டு. அதே பிரெஞ்சு ஆட்சியில் தென்னிந்தியர்கள் அடிமைகளாகவும் அங்கே விற்கப்பட்டார்கள். மடகாஸ்கர், மொசாம்பிக்கிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களே மிக அதிகம், ஆனால் நம் கரையிலிருந்து போனவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கோயிலும் இல்லை, பட்டயமும் இல்லை. கிறிஸ்தவப் பெயர்களோடு, பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான கிரியோல் மக்களில் கலந்துபோனார்கள்.

1810இல் தீவைப் பிடித்த பிரிட்டிஷார், 1835 பிப்ரவரி 1இல் அடிமை முறையை ஒழித்தார்கள். நஷ்டஈடாக இருபது லட்சம் பவுன் அளவுக்குக் கொடுத்தார்கள். அடிமைகளுக்கு அல்ல, முதலாளிகளுக்கு! விடுதலையானவர்கள் அதன் பிறகும் நாலு வருடம் 'பயிற்சியாளர்' என்ற பெயரில் அதே தோட்டத்தில் உழைக்க வேண்டியிருந்தது. அது முடிந்ததும் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் ஒப்பந்தக் கூலிகள். இப்படி ஆகும் என்று எதிர்பார்த்து, அடிமை முறை ஒழியும் முன்பே ஆள் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

1834 நவம்பர் 2இல் 'அட்லஸ்' கப்பலில் வந்த முதல் 36 பேர் கல்கத்தா வழியாக வந்த மலைவாசிகள், தமிழர்கள் அல்ல. அதன் பிறகு சுமார் எண்பது வருடங்களில் நாலரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். பெரும்பகுதி கல்கத்தா வழியாக, அடுத்தபடியாக மெட்ராஸிலிருந்து. ஐந்து வருட ஒப்பந்தம், ஆரம்பத்தில் மாதம் ஐந்து ரூபாய், அரிசி பருப்பு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள்.

வேலை நிமித்தமாகப் போர்ட் லூயிஸில் கொஞ்ச காலம் இருந்தபோது, அவர்கள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் பகுதிக்குப் போனேன். 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். பதினாறு கருங்கல் படிகள், மிஞ்சியிருக்கும் சில பழைய கட்டடங்கள், அவ்வளவுதான். ஏறி வந்தவர்களை ஓரிரு நாள் அங்கே வைத்திருந்து தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, வயது, உயரம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் பேரேட்டில் ஏறும். ஆளுக்கு ஒரு நம்பர். அடையாளச் சீட்டிலிருந்து சாவுப் பதிவு வரை அந்த நம்பர்தான் பேசும். 1860களில் போட்டோவும் எடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பேரேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பத்திரமாக இருக்கின்றன. மொரீஷியஸ் குடும்பங்கள் பாட்டன் ஊரைத் தேடிக் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான்.

இன்று அங்குள்ள தமிழர்கள் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. ஆனால் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை, தீமிதி உண்டு, வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு உண்டு. ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ். 1998இல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியபோது பெரிய எதிர்ப்பு எழுந்து, நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயமாகத் தெரியலாம். நாங்கள்தான் முன்னால் வந்தோம் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம், அதற்கு வரலாற்று ஆதாரமும் இருக்கிறது.

அப்புறம், மொரீஷியஸுக்கு வந்தவர்களின் பட்டியலில் எப்போதும் விட்டுப்போகிறவர்கள், இந்தியப் பெருங்கடலின் நடுவே இருக்கும் சாகோஸ் தீவுகளின் மக்கள். அவற்றில் ஒன்றான டியாகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைப்பதற்காக, 1968 முதல் 1973 வரை பிரிட்டன் அவர்களைச் சொந்தத் தீவுகளிலிருந்து வெளியேற்றியது. பெரும்பாலோரைக் கொண்டுவந்து இறக்கியது மொரீஷியஸில்தான். அவர்களின் முன்னோர்களிலும் ஆப்பிரிக்க அடிமைகளோடு தென்னந்தோப்பு வேலைக்குப் போன இந்தியக் கூலிகள் இருக்கிறார்கள். மொரீஷியஸ் குடியேற்றம் 1920களில் முடிந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் இவர்களையும் சேர்த்து எழுத வேண்டும்.