அம்மாவின் முட்டி வீக்கத்துக்கு
வணக்கம் தங்கச்சி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய உங்கள் அம்மாவுக்கு முட்டி வீங்குகிறது, வெறும் வயிற்றில் மஞ்சள் தண்ணீர் குடித்தும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மஞ்சளின் சத்து தண்ணீரில் சரியாகக் கரையாது. மிளகும் எண்ணெயும் சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் குழம்பில் மூன்றும் இருக்கிறதே, மீனின் ஒமேகா 3 கொழுப்பும் வீக்கத்துக்கு நல்லது.

இங்கே சுங்கை சிப்புட்டில் என் அம்மா தினம் நான்கு கிளாஸ் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ) குடிப்பார், அடியில் விரலளவு கெட்டிப்பால். ஒன்றாகக் குறைத்தோம். எடை இறங்கியது, முட்டியும் லேசானது. இப்போது சாயங்காலம் கோயில் வரை நடக்கிறார்.

அப்புறம், காலையில் மூட்டு ஒரு மணி நேரமாவது விறைத்திருந்தாலோ சிவந்து சூடாக இருந்தாலோ கைவைத்தியம் போதாது. அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட்தான், உடனே காட்டிவிடுங்கள். உங்கள் அம்மா இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறார் என்றால் மஞ்சள் சத்து மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம்.