கார் பேட்டரி மாத்தப் போறீங்களா? முதல்ல பழசை நல்லா பாருங்க

பேட்டரி பத்தி அடிக்கடி வர்ற கேள்விகளுக்கு ஒரே இடத்துல பதில் சொல்லிடறேன். பாதிப் பேர் வாங்கின பிறகுதான் கேக்கறாங்க, தயவுசெஞ்சு வாங்கறதுக்கு முன்னாடி படிங்க.

காலைல சாவி போட்டா டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது, செல்ஃப் எடுக்கல. பேட்டரிக்கு மூணு வயசு. மாத்திடலாமா?

அவசரப்படாதீங்க. பானெட்டைத் திறந்து ரெண்டு டெர்மினலையும் கையால ஆட்டிப் பாருங்க, லேசா அசைஞ்சாலே அதுதான் காரணமா இருக்கலாம். என்கிட்ட ஒரு வண்டி இதே கதையோட வந்துச்சு, வெளிய பார்க்க சுத்தமா இருந்துச்சு, ஆனா கிளாம்ப்பைக் கழட்டினா உள்வளையம் முழுக்க பச்சையும் வெள்ளையுமா உப்பு பூத்து அப்பியிருக்கு, ஈயம் ஈயத்தைத் தொடவே இல்ல. சமையல் சோடாவை வெந்நீர்ல கரைச்சு ஊத்தி, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, துடைச்சு, இறுக்கி, மேல கொஞ்சம் வாசலின் தடவினேன். ஒரே செல்ஃப்ல எடுத்துச்சு. அந்த மனுஷன் அன்னிக்கு புது பேட்டரி வாங்கியிருந்தா அவ்வளவும் தண்டச் செலவு.

அது சரியா இருந்தா அடுத்தது மல்டிமீட்டர். ராத்திரி முழுக்க நின்ன வண்டில 12.6 வோல்ட் காட்டினா ஃபுல் சார்ஜ், 12.2ன்னா பாதி, 12க்குக் கீழ போனா கிட்டத்தட்ட காலி. ஃபுல் சார்ஜ் ஏத்தின பிறகும் செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழ விழுந்தா பேட்டரி தளர்ந்துபோச்சு, மாத்துங்க. இஞ்சின் ஓடும்போது பொதுவா 13.8லருந்து 14.5 வரைக்கும் காட்டணும், அப்பவும் 12 சொச்சத்துலயே நிக்குதுன்னா சார்ஜ் ஏறல, ஆல்டர்னேட்டரையும் (இஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற கருவி) அதோட பெல்ட்டையும் பாருங்க. அதைப் பார்க்காம புது பேட்டரி போட்டா அதுவும் சீக்கிரமே படுத்துடும். (சில புது மாடல் வண்டிங்க ஆல்டர்னேட்டர் வோல்டேஜைத் தானே ஏத்தி இறக்கும், அதனால ஒரு தடவை பார்த்துட்டு முடிவு கட்டாதீங்க.)

பழைய பேட்டரி மேல 55பி24எல்னு இருக்கு. 55 ஆம்ப் பேட்டரின்னு அர்த்தமா?

இல்ல, நிறைய பேர் இங்கதான் ஏமாறாங்க. இது ஜப்பான் முறை நம்பர். 55ங்கறது திறனைக் காட்டற ஒரு ரேங்க் மட்டும்தான், இந்த பேட்டரி பெரும்பாலும் 45 ஆம்பியர் ஹவர்தான் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கற அளவு) வரும். பி-ங்கறது அகலமும் உயரமும் எந்த அளவுன்னு சொல்லுது, 24ன்னா நீளம் சுமாரா 24 செ.மீ. கடைசில இருக்கற எல் இருக்கே, அது பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம்னு சொல்றது, அதுக்குப் பதிலா ஆர் வாங்கிட்டு வந்தீங்கன்னா வயர் எட்டாது, எட்டினாலும் இழுத்துப் பிடிச்சு மாட்டணும், அப்படி மாட்டவே கூடாது. அதுக்கப்புறம் எஸ்னு ஒண்ணு சேர்ந்திருந்தா டெர்மினல் தடிமன், உங்க கிளாம்ப் உள்ள போகாது. பேசாம பழசை நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு கடைக்குப் போங்க.

45 ஆம்பியருக்குப் பதிலா 60 போட்டா ஆல்டர்னேட்டர் போயிடுமா?

போகாது. பெரிய பேட்டரி போட்டதுனால மட்டும் ஆல்டர்னேட்டர் கெடாது. என் கவலை வேற, அது டிரேல சரியா உக்காருமா? மேல ஹோல்டர் கம்பி இறுகுமா? ஆடற பேட்டரி உள்ள பிளேட் உதிர்ந்து சீக்கிரம் செத்துடும். உயரம் கூடி பிளஸ் டெர்மினல் பானெட்டைத் தொட்டா நேரா ஷார்ட், நெருப்பே பிடிக்கலாம். கம்பெனி சொன்ன அளவுக்குக் கீழ மட்டும் போகவே போகாதீங்க.

சிசிஏ (கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ், அதாவது குளிர்ல செல்ஃப் எடுக்கற திறன்) எவ்வளவு பார்த்து வாங்கணும்?

மைனஸ் 18 டிகிரி குளிர்ல 30 செகண்டுக்கு எவ்வளவு ஆம்ப் தள்ளும்ங்கறதுதான் அது. பழைய பேட்டரில இருக்கற நம்பரோ அதுக்கு மேலயோ போதும். சூடான ஊர்ல இருக்கறவங்க இதுக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம், அங்க பேட்டரியோட ஆயுசைக் குறைக்கறது சூடுதான்.

சிக்னல்ல தானா ஆஃப் ஆகற ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டி. ஏஜிஎம் (ஆசிடை கண்ணாடி இழை விரிப்புல ஊறவெச்ச பேட்டரி) விலை ஜாஸ்தி, சாதா பேட்டரி போடலாமா?

போடாதீங்க. அந்த வண்டி ஒரே நாள்ல எத்தனையோ தடவை ஸ்டார்ட் ஆகுது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறங்கி ஏறணும், சாதா பேட்டரி அதுக்குச் செஞ்சது இல்ல. ஏஜிஎம் வந்த இடத்துல ஏஜிஎம்தான். இஎஃப்பி (சாதா பேட்டரியையே இன்னும் உறுதியாக்கின வகை) வந்திருந்தா இஎஃப்பி போடலாம், வசதிப்பட்டா ஏஜிஎம்முக்கும் போகலாம், ஆனா ஏஜிஎம்லருந்து கீழ இறங்கக் கூடாது. சில வண்டில புது பேட்டரி போட்டதை ஸ்கேனர் வெச்சு கம்ப்யூட்டருக்குச் சொல்லணும், இல்லன்னா பழசுக்கு ஏத்தின மாதிரியே இதுக்கும் சார்ஜ் ஏத்தும். மாத்தறவங்ககிட்ட இதை முன்னாடியே கேட்டுடுங்க. பேட்டரி டிக்கிலயோ சீட்டுக்கு அடிலயோ இருந்தா, கேஸ் வெளிய போற சின்ன டியூபைத் திரும்ப மாட்டினாங்களான்னு கூடவே நின்னு பாருங்க.

கடைல புதுசுன்னு குடுக்கறாங்க, எப்படி நம்பறது?

தயாரிச்ச தேதியைப் பாருங்க. ஆறு மாசத்துக்கு மேல சும்மா கிடந்ததுன்னா வேற கேளுங்க. அங்கேயே மீட்டர் வெச்சு 12.4க்குக் கீழ இருந்தா நான் வாங்க மாட்டேன்.

நானே மாத்தலாமா? எந்த வயரை முதல்ல கழட்டணும்?

தாராளமா மாத்தலாம். முதல்ல மைனஸ். ஏன்னா பாடி முழுக்க மைனஸ்தான், பிளஸ்ஸை முதல்ல கழட்டும்போது ஸ்பானர் பாடில பட்டா அங்கேயே தீப்பொறி பறக்கும், ஸ்பானர் நுனி உருகிப்போனதை நானே பார்த்திருக்கேன். மாட்டும்போது தலைகீழ், பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசில. கைல மோதிரம், வாட்ச் இருந்தா கழட்டி வெச்சிடுங்க. பழசை வீட்ல போட்டு வைக்காதீங்க, உள்ள ஈயமும் ஆசிடும் இருக்கு, புதுசு வாங்கற இடத்துலயே குடுத்துடுங்க.