உளவாளிகளின் பிள்ளைப்பருவம்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: சார், சின்ன வயதில் அடிபட்டவர்கள்தான் உளவுத்துறைக்குப் போகிறார்களா?

பதில்: அப்படி ஒரு விதி கிடையாது. நான் மனநல மருத்துவர் இல்லை, உளவு வரலாறு படிக்கிறவன். ஒரே ஒரு ஆளை வைத்துச் சொல்கிறேன். நாவலாசிரியர் ஜான் லெ காரே, இயற்பெயர் டேவிட் கார்ன்வெல். பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறை எம்.ஐ.5, வெளிநாட்டு உளவுத்துறை எம்.ஐ.6 இரண்டிலும் வேலை பார்த்தவர். அப்பா ரானி ஊரை ஏமாற்றிப் பிழைத்தவர், ஜெயிலுக்கும் போனவர். டேவிட்டுக்கு ஐந்து வயதில் அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டார். அப்புறம் அவரைப் பார்த்தது 21 வயதில்! ஒருநாள் பணம் கொழிக்கும், மறுநாள் கடன்காரர் கதவைத் தட்டுவார். எவரிடம் எந்தக் கதையைச் சொல்ல வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்பது வீட்டிலேயே படிந்துவிட்டது. உளவுத்துறை அவருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க அதிகம் இருந்திருக்காது.

கேள்வி: எல்லாம் அவரே சொன்னதுதானே? நம்பலாமா?

பதில்: அங்கேதான் சிக்கல். எக்ஸெட்டர் சிறைக்கு வெளியே அம்மாவின் கையைப் பிடித்து நின்று, மேலே ஜன்னலில் தெரிந்த அப்பாவுக்குக் கையசைத்ததாக அவருக்கு ஞாபகம். ரானியிடம் கேட்டால், "அந்தச் சிறைக்குள்ளிருந்து சாலையே தெரியாது" என்ற மாதிரி பதில். அப்பா சொன்னதை நம்பினார். ஆனால் அந்தக் காட்சி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

கேள்வி: நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்களும் இப்படித்தானா?

பதில்: சிலர். அமெரிக்க எஃப்.பி.ஐ.யில் இருந்துகொண்டே மாஸ்கோவுக்கு ரகசியம் விற்று 2001-ல் பிடிபட்ட ராபர்ட் ஹான்சனின் அப்பா போலீஸ்காரர். மகனை மட்டம் தட்டியே வளர்த்தவர் என்கிறார்கள். ஆனால் அப்பாவிடம் திட்டு வாங்கி வளர்ந்த கோடிப் பேர் ரகசியம் விற்கவில்லையே. எம்.ஐ.6-ல் இருந்துகொண்டே சோவியத்துக்கு உளவு பார்த்து, பின்னால் மாஸ்கோவுக்குத் தப்பியோடியவர் கிம் பில்பி. 1912-ல் நம் அம்பாலாவில் பிறந்த அவரோ வசதியான வீட்டுப் பிள்ளை. குறை என்று தேடினால் திக்குவாய்தான் அகப்படும்.

கேள்வி: லெ காரேயும் பில்பியும் சந்தித்திருக்கிறார்களா?

பதில்: 1987-ல் மாஸ்கோ போனபோது வாய்ப்பு வந்தது. ஒருநாள் பிரிட்டிஷ் தூதரின் விருந்தாளி, அடுத்த நாள் தேசத்துரோகியின் விருந்தாளியா என்று மறுத்துவிட்டார்.