ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் பழுப்பாக இருக்கும் புல்தரை

டொரொன்டோவில் உங்கள் வீட்டின் வடக்குப் பக்கத்துப் புல்தரை இன்னும் பழுப்பாகவே இருக்கிறது, புல் செத்துவிட்டதா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் புல் பெரும்பாலும் சாகவில்லை. டொரொன்டோவில் வீட்டின் வடக்குப் பக்கத்துப் புல்தரை ஏப்ரல் இறுதிவரை, சில ஆண்டுகளில் மே முதல் வாரம்வரைகூட, வைக்கோல் நிறத்தில் கிடப்பது வழக்கமானதே. எதிர்வீட்டுத் தரை பசுமையாகிவிட்டது என்கிறீர்கள், ஆனால் அது தெற்கு வெயிலைப் பெறுகிறது என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

காரணம் காற்றின் வெப்பம் அல்ல, மண்ணின் வெப்பம். கென்டக்கி புளூகிராஸ் போன்ற குளிர்நிலப் புற்களின் வேர்கள் மண் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸை எட்டிய பிறகே சுறுசுறுப்பாக வளரும். வீட்டு நிழலில் பனி கடைசியாக உருகிய இடம் அந்த அளவை எட்டத் தாமதமாகும்.

சமையலறை வெப்பமானியை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் செருகி, மூன்று நான்கு நாள் காலையில் பாருங்கள். பிறகு ஒரு கொத்துப் புல்லை மெல்ல இழுத்துப் பாருங்கள்: வேர் பிடித்திருந்து, மண்ணை ஒட்டிய அடித்தண்டு வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தால் காத்திருப்பதே போதும். பாய் சுருட்டுவதுபோல் எளிதாகப் பெயர்ந்து வந்தால் வேரைத் தின்னும் வெண்புழுக்களைத் தேட வேண்டும்.

சாலையோரப் புல் மட்டும் பட்டையாகக் காய்ந்திருந்தால் அது குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் தூவிய உப்பின் வேலையாக இருக்கலாம். அதற்குக் காத்திருப்பு உதவாது, நிறைய நீர் விட்டு உப்பைக் கரைத்து மண்ணின் ஆழத்துக்கு இறக்கிய பின் மறுவிதைப்பு செய்ய வேண்டும். பொறுமையிழந்து இப்போதே நைட்ரஜன் உரம் இடாதீர்கள், ஈரமண்ணில் நடக்கவும் வேண்டாம்.