சாமி அலமாரிக்கு பர்மா தேக்கு போடலாமா?

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "புது வீவக வீட்டில் சாமி அலமாரியை பர்மா தேக்கில் செய்யலாம் என்கிறார் காண்ட்ராக்டர். காட்டை அழித்துக் கொண்டுவந்த மரத்திலா சாமி வைப்பது என்று மகள் சண்டை போடுகிறாள். 'சைட்டீஸ் சான்றிதழ் இருக்கு, கவலைப்படாதீங்க' என்கிறார் அவர். நம்பலாமா?"

அந்தச் சான்றிதழிலிருந்தே தொடங்குவோம். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்தான் சைட்டீஸ். செம்மரமும் ரமினும் அதன் பட்டியலில் உண்டு, தேக்கு இல்லை. பட்டியலிலேயே இல்லாத மரத்துக்கு ஏதம்மா சான்றிதழ்? ஒன்று, அவருக்கே விஷயம் தெரியாது. இல்லை, உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். மரம் வெட்டுவதெல்லாம் காட்டை அழிப்பது ஆகாது. பர்மாவில் பழைய முறைப்படி ஒரு பகுதிக்குள் 30 ஆண்டுக்கு ஒரு தடவைதான் வெட்டப் போவார்கள். வெட்டவேண்டிய தேக்கின் அடிமரத்தைச் சுற்றி வளையமாகச் செதுக்கி, நின்றபடியே சில ஆண்டு காயவிடுவார்கள், ஏனென்றால் பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. காய்ந்ததை வெட்டி யானையை வைத்து இழுத்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம் போகும், காடு காடாகவே நிற்கும். அந்த முறை கெட்டது, 30 ஆண்டு காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனதால்.

இன்றைக்கு மரத்தைவிட ஆபத்தானது லாரிக்குப் போடும் சாலை. மரம் போன பிறகும் சாலை இருக்கும். அதில் கண்ணி வைப்பவன் வருவான், அப்புறம் செம்பனை வரும். செம்பனை வந்துவிட்டால் பழைய காடு திரும்பாது. மலேசியாவின் சபாவில் டெரமாகோட் என்று சுமார் 55,000 ஹெக்டர் காடு. காட்டைக் கெடுக்காமல் மரம் எடுப்பவர்களுக்குத் தரும் எஃப்எஸ்சி என்ற உலகச் சான்றை 1997இலேயே பெற்றது. அங்கே மரமும் வெட்டுகிறார்கள், ஒராங் ஊத்தானும் இருக்கிறது. ஆக, யார் வெட்டினார்கள், வெட்டிய பிறகு அந்த நிலம் என்ன ஆனது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

பர்மா தேக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. 2014இல் அந்நாடு முழு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டன. தோட்டத் தேக்கு கேளுங்கள். கேரளாவின் நிலம்பூரில் 1840களிலேயே நட்டு வளர்த்தார்கள், இது ஒன்றும் புதுச்சரக்கு இல்லை.

எஃப்எஸ்சி என்று சொன்னால் மட்டும் போதாது. ஒருமுறை ஒருவர் என்னிடம் நீட்டிய நகல், அட்டைப்பெட்டி ஆலை ஒன்றின் சான்றிதழ்! நடுவில் இருக்கும் ஏஜென்டுகளுக்கு முத்திரை இருந்தால் போதும், பெயர் யாருடையதாக இருந்தால் என்ன. காண்ட்ராக்டருக்குப் பலகை விற்ற கடையின் பில்லைக் கேளுங்கள். உங்கள் மரம் இருக்கும் அதே வரியில் எஃப்எஸ்சி என்றும், பில்லில் அந்தக் கடையின் சான்று எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை எஃப்எஸ்சி இணையத்தளத்தில் போட்டால் கடையின் பெயர் வரும். வேறு பெயர் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இந்த வேலையெல்லாம் ஏன் உங்கள் தலையில்? மரம் வந்த வழியை இறக்குமதி செய்பவரே விசாரிக்க வேண்டும் என்று ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சட்டம் இருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் சைட்டீஸ் பட்டியலோடு சரி. அந்தப் பட்டியலில் இருந்தாலும் என்ன நடந்தது? 2014இல் மடகாஸ்கரிலிருந்து வந்த 29,434 ரோஸ்வுட் மரத்துண்டுகள் இங்கே பிடிபட்டன. ஐந்து ஆண்டு வழக்கு நடந்து, அது இவ்வழியே கடந்துபோகும் சரக்குதான் என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்துவிட்டது. தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். சட்டம் சரியா என்பதுதான் என் கேள்வி.

"ரப்பர் மரம் என்றால் கேள்வியே இல்லையே?" என்பார்கள். பால் வற்றிய, 25 - 30 வயதான மரம் என்றால் இல்லைதான். எப்படியும் வெட்டி மறுநடவு செய்யப்போகிறார்கள், வீணாகாமல் பலகையாகிறது. ஆனால் மலேசியாவில் சில இடங்களில் ஒதுக்குக் காட்டையே மொட்டையடித்துப் பலகைக்கென்று ரப்பர் நட்டிருக்கிறார்கள். பலகை பார்க்க இரண்டும் ஒன்றுதான். கேட்டால் "ரப்பர்தானே, தோட்ட மரம்" என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அந்தத் தோட்டம் வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் ரப்பருக்கும் அதே பில்லைக் கேளுங்கள். பழைய வீட்டுக் கதவு, நிலைப்படியை அறுத்துச் செய்தால் மட்டும் எதுவும் கேட்க வேண்டாம்.

கடைசியாக, அலமாரி வந்ததும் இழுப்பறையை வெளியே எடுத்து முன்பலகையின் மேல்விளிம்பைப் பாருங்கள். முகப்பில் ஓடும் ரேகை விளிம்பில் மடங்கித் தொடர்ந்தால் அது முழுத் தேக்கு. காகிதக் கனத்தில் ஒரு கோடும் அதன் அடியில் வெளுத்த ஒட்டுப்பலகையும் தெரிந்தால், நீங்கள் பணம் கொடுத்தது மேல்தோலுக்கு. விளக்குச் சூட்டில் அது ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும்.