அடி அழுகுன ஸ்னேக் பிளான்ட்டை காப்பாத்த முடியுமா?

கேள்வி: அக்கா, எங்க வீடு கடலூர் மஞ்சக்குப்பத்துல. போன தை மாசம் புது வீட்டுக்கு பால் காய்ச்சினப்ப என் நாத்தனார் ஒரு ஸ்னேக் பிளான்ட் குடுத்தாங்க, இலை ஓரத்துல மஞ்சள் கரை போட்ட வகை, வெள்ளை பீங்கான் தொட்டியோட. இது லேசுல சாகாதுன்னும் சொன்னாங்க. ஐப்பசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, மழை ஆரம்பிச்சதுல இருந்து ஒவ்வொரு இலையா மஞ்சளாகி சாயுது, தண்ணி பத்தலையோன்னு தினமும் ஒரு டம்ளர் ஊத்துறேன், இன்னும் மோசமாகுது. நேத்து ஒரு இலையை தொட்டதும் கையோட வந்துடுச்சு, அடியில கொழகொழன்னு ஒரே நாத்தம். பொங்கலுக்கு நாத்தனார் வர்றாங்க, என்ன பண்றது?

பதில்: முதல்ல அந்த டம்ளரை கீழ வைங்கம்மா. தண்ணி இல்லாம வாடுற ஸ்னேக் பிளான்ட்டுக்கு இலை சுருங்கி நீளவாக்குல மடங்கும், நுனி காயும், ஆனா அடி கெட்டியா இருக்கும். உங்களுதுல அடிதான் கொழகொழத்துப் போயிருக்கு, அப்போ தண்ணி கூடிப்போய் வேர் அழுகுது.

இது மேற்கு ஆப்பிரிக்கா பக்கத்து செடி. தடிச்ச இலையிலயும் மண்ணுக்குள்ள கிழங்கு மாதிரி ஓடுற தண்டுலயும் தண்ணியை சேத்து வச்சுக்கும். பெரும்பாலான செடிங்க பகல்ல இலைத்துளையை தொறந்து வைக்கும், இது பகல்ல மூடிக்கிட்டு ராத்திரிதான் தொறக்கும், அதனால வெளிய போற தண்ணியும் கம்மி, குடிக்கிற தண்ணியும் கம்மி. அதுலயும் ஐப்பசி கார்த்திகையில நம்ம கடலோரத்துல துவைச்சுப் போட்ட துணியே மூணு நாளா காயாம கெடக்கு, தொட்டி மண்ணு எங்க காயப்போகுது? உங்க பீங்கான் தொட்டியை கவுத்துப் பாருங்க, அடியில ஓட்டை இருக்கான்னு. அழகுக்குன்னு விக்கிற தொட்டி நிறையாதுல ஓட்டையே இருக்காது, உள்ள வச்சிருக்குறது வெறும் கோகோபீட்டா (தேங்கா நார்த்தூள்) வேற இருக்கும், ஊத்துன தண்ணி எல்லாம் கீழ தேங்கி வேருக்கு காத்து கிடைக்காம அழுகிடும்.

முத்தியால்பேட்டையில நான் வளத்த ஒண்ணை இப்படித்தான் இழந்தேன், மேல பச்சையாத்தானே இருக்கு அடுத்த வாரம் பாக்கலாம்னு விட்டேன், எடுத்துப் பாத்தப்போ கிழங்கு மொத்தமும் போயிடுச்சு. நீங்க இன்னிக்கே எடுங்க. மண்ணை உதறி வேரை கழுவிப் பாருங்க, கெட்டியா வெள்ளையாவோ ஆரஞ்சு கலர்லயோ இருந்தா உயிர் இருக்கு, பழுப்பா நசுங்குனா போயிடுச்சு. புது பிளேடை வெந்நீர்ல கழுவிட்டு, அழுகுனதை மட்டும் இல்ல, அதை ஒட்டி கொஞ்சம் நல்ல பகுதியையும் சேத்து வெட்டி எறிஞ்சுடுங்க. மிச்சத்தை நிழல்ல ஒரு பேப்பர் மேல ரெண்டு மூணு நாள் போட்டு வைங்க, வெட்டுன வாய் காயணும். மண்ணு இல்லாம கெடக்கேன்னு பயப்படாதீங்க, அதுக்கு ஒண்ணும் ஆகாது.

கிழங்கு முழுக்க போயிருந்தாலும் நல்ல இலை ரெண்டு இருந்தா போதும். மூணு நாலு இஞ்ச் துண்டா வெட்டி, எது அடிப்பக்கம்னு பேனாவால குறிச்சு வச்சுக்கிட்டு (தலைகீழா நட்டா வேர் விடாது), ரெண்டு நாள் காயவச்சு நடுங்க. வேர் வர ஒரு மாசத்துக்கு மேல ஆகும், குட்டி வெளிய தலைகாட்ட இன்னும் சில மாசம். ஆனா ஒண்ணு, இலைத்துண்டுல இருந்து வர்ற குட்டியில அந்த மஞ்சள் கரை இருக்காது, வெறும் பச்சையாத்தான் வரும். கரை வேணும்னா கிழங்குல ஒரு துண்டாவது தப்பிச்சிருக்கணும், அதான் அவசரப்படுத்துறேன்.

தொட்டி மண் தொட்டியா இருக்கட்டும். புதுச்சேரி வில்லியனூர் சுடுமண் வேலைக்கு புவிசார் குறியீடே இருக்கு, நம்ம பக்கத்துல மண் தொட்டிக்கு பஞ்சம் இல்ல, ஓட்டை இருக்கான்னு மட்டும் பாத்து வாங்குங்க. செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, உடைச்ச செங்கல் இல்லன்னா சின்ன ஜல்லி ஒரு பங்கு. ஆத்துமணல் கிடைக்கலன்னா எம் சாண்டை நல்லா அலசி தூசு போனப்புறம் போடுங்க. சில்வர் பீச் பக்கத்துலதானே இருக்குன்னு கடல் மணலை அள்ளிட்டு வந்துடாதீங்க, அந்த உப்பு வேரை கருக்கிடும். உங்க போர் தண்ணி உப்பா இருந்தா மழைத்தண்ணியை பிடிச்சு வச்சு அதை ஊத்துங்க.

நட்டு ஒரு வாரம் சொட்டு தண்ணி வேணாம். அப்புறம் விளக்கமாத்துல ஒரு ஈர்க்குச்சியை உருவி தொட்டியோட அடி வரைக்கும் குத்தி எடுங்க, மண் ஒட்டிக்கிட்டு வந்தா ஊத்தாதீங்க, சுத்தமா காஞ்சு வந்தா ஓட்டை வழியா வடியுற அளவுக்கு ஒரு தடவை ஊத்திட்டு மறந்துடுங்க. வெயில் காலத்துல பத்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வரலாம், மழைக்காலத்துல மாசத்துக்கு ஒரு தடவை கூட தேவைப்படாது. ஜன்னல் வெளிச்சம் படுற இடமா வைங்க.

பொங்கலுக்குள்ள பழைய மாதிரி ஆகாதும்மா. நாத்தனார்கிட்ட நடந்ததை சொல்லி அந்த மண் தொட்டியவே காட்டுங்க, குட்டி வந்ததும் ஒண்ணை அவங்களுக்கே பிரிச்சு குடுங்க.

கேள்வி: ராத்திரியில ஆக்சிஜன் குடுக்கும்னு பெட்ரூம்ல அஞ்சு ஸ்னேக் பிளான்ட் வச்சிருக்கோம், உண்மையாவே பலன் இருக்கா? வீட்டுல பூனையும் இருக்கு. – லாஸ்பேட்டை வாசகர்

பதில்: ராத்திரி அது கரியமில வாயுவை உள்ள இழுக்கும், அது வரைக்கும் உண்மை. ஆனா அஞ்சு தொட்டியால ரூம் காத்து மாறிடாது. காத்தை சுத்தம் பண்ணும்னு எல்லாரும் சொல்ற 1989 நாசா ஆய்வு, காத்துப் புகாம மூடுன சின்ன பெட்டிக்குள்ள நடந்தது, ஜன்னல் தொறந்து மூடுற நம்ம வீட்டுக்கு அது பொருந்தாது. அழகுக்கு தாராளமா வைங்க. பூனை மட்டும் ஜாக்கிரதை சார், அந்த செடியில சபோனின்னு ஒரு நச்சு இருக்கு, கடிச்சா வாந்தி எடுக்கும், வாயில எச்சில் வடியும். எட்டாத உயரத்துல வைங்க, ஏற்கனவே கடிச்சிட்டு சோந்து படுத்திருந்தா உடனே கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க.