குடத்துக்குள் யார் பெயர்?

அன்புள்ள ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். குறிப்புச்சட்டகம் கொடுத்தால் என் பிள்ளைகள் மூன்று பக்கம் எழுதிவிடுகிறார்கள். ‘எதை வைத்து இப்படிச் சொல்கிறாய்?’ என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஆராய்ந்து எழுத எப்படிப் பழக்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

குறிப்புச்சட்டகத்தைக் கொஞ்ச நாள் பூட்டி வையுங்கள். அதில் முன்னுரை முதலில் வருகிறது. வம்பே அங்குதான். ‘சோழர் காலத்திலேயே மக்களாட்சி மலர்ந்தது’ என்று பிள்ளை முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறது. பிறகு சாட்சி தேடி அலைகிறது.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் தலைப்பே சொல்லாமல் ஒரு தாளைக் கொடுத்தேன். சோழர் காலத்தில் வாரியம் எனும் ஊர்ச்சபைக் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, உத்திரமேரூரில் 921இல் கல்லில் வெட்டிய குடவோலை விதிகள், எளிய தமிழில். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி அன்றைய நில அளவு) மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல், 70க்குள், வேதப் பயிற்சி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது. (மைத்துனன், மருமகன் என்று நீளும் அந்தப் பட்டியலில் வகுப்புக்கு ஒரே குதூகலம்.) பெயரோலைகளைக் குடத்திலிட்டு, விவரம் அறியாத சிறுவனை எடுக்கச் சொல்ல வேண்டும்.

“தாளில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள்” என்றேன். வெகுநேரம் சத்தமில்லை. பிறகு ஒரு மாணவி, “ஓட்டுப் போடுகிறவர் யாருமே இல்லையே, சார்” என்றாள். நாம் மேடைதோறும் முழங்குவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே அசைத்துவிட்டாள். “எங்கள் அப்பாவுக்கு நிலமில்லை, அவர் பெயர் குடத்துக்குள் போகாது” என்றான் பின்வரிசைப் பையன்.

இன்னொருவன், “முன்பு யாரோ கணக்கில் ஏய்த்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் இந்த விதி எதற்கு?” என்றான். இது ஊகம். ஊகிக்கட்டும், ஆனால் கல்லில் இருப்பதை இடப்பக்கமும் தான் நினைப்பதை வலப்பக்கமும் எழுதச் சொன்னேன். தீயவர் கெட்டு மற்றவர் தழைக்கவே இந்த ஏற்பாடு என்று கல்வெட்டிலேயே ஒரு வரி உண்டு. அதை அப்புறம்தான் காட்டினேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! இடப்பக்கத்தில் இன்னொரு வரி சேர்ந்தது.

919இல் வெட்டிய முந்தைய விதியில் வயது 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில் ஏன் மாற்றினார்கள் என்று கேட்டேன். வலப்பக்கம் நிரம்பியது, இடப்பக்கம் காலி. அதையும் அப்படியே கட்டுரையில் எழுதலாம் என்றதும் நம்ப மறுத்தார்கள். ‘தெரியவில்லை’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடுமாம்.

முன்னுரையைக் கடைசியில் எழுதவைத்தேன். அந்த மாணவியின் முதல் வரி: ‘உத்திரமேரூரில் குடம் இருந்தது, வாக்காளர் இல்லை.’